ஊக்கை முதலில் கீழே வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 46. எட்டு மாதமாக வலது கை நகங்கள் நுனியிலிருந்து சதையை விட்டுக் கழன்று வெள்ளையாகத் தெரிகின்றன. மோதிர விரலில் ஆரம்பித்தது, இப்போது நான்கு விரல்களில் இருக்கிறது. இடது கைக்கு ஒன்றும் இல்லை. அம்மா படுத்த படுக்கை. துணி அலசுவது, பாத்திரம், உடம்பு துடைத்துவிடுவது என்று நாள் முழுக்க என் கை ஈரத்தில்தான். நான் ஊட்டினால்தான் அம்மா சாப்பிடுவார். ஊட்டுகிற கை என்பதால் நகத்தடியில் அழுக்கு நிற்க விடமாட்டேன், தினமும் இரவில் ஊக்கால் எடுத்துவிடுவேன். பக்கத்திலேயே குடியிருக்கும் தம்பி ஞாயிறுதோறும் வந்து அம்மாவோடு பேசிக்கொண்டிருப்பான், அவனுக்கு இந்த வேலையெல்லாம் வராது. கடையில் பூஞ்சைக் களிம்பு வாங்கித் தடவினேன். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் சாப்பிடுகிறேன். கழன்ற நகம் மறுபடி ஒட்டிக்கொள்ள என்ன செய்யலாம்?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: ஒட்டாது. கழன்ற பகுதி கழன்றதுதான். எந்தக் களிம்பும் எந்த எண்ணெயும் அதைத் திரும்ப ஒட்டவைக்காது. அடியிலிருந்து புது நகம் வளர்ந்து வரும், அது சதையைப் பிடித்துக்கொண்டே முன்னேறும், கழன்ற பகுதியை நீங்கள் வெட்டி எறிந்துகொண்டே வருவீர்கள். குணமாவது என்றால் இவ்வளவுதான்.

அப்படியானால் எட்டு மாதத்தில் ஏன் ஆகவில்லை? விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். நாலு முதல் ஆறு மாதத்தில் ஒரு நகம் அடியிலிருந்து நுனிவரை முழுவதும் புதிதாகிவிடும். இன்று உங்கள் விரலில் இருப்பது எட்டு மாதத்துக்கு முன் கழன்ற நகமே இல்லை. அது எப்போதோ போய்விட்டது. அதன் பிறகு வந்த நகத்தையும் ஏதோ ஒன்று தினமும் கழற்றிக்கொண்டிருக்கிறது.

அது என்ன என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. இடது கைக்கு ஒன்றும் இல்லை என்கிறீர்கள். துணி அலசும்போது இரண்டு கையும்தானே தண்ணீரில் இருக்கிறது? சோப்பும் இரண்டு கைக்கும் பொதுதானே? வலது கையில் மட்டும் நடப்பது ஒன்றே ஒன்று. அது ஊட்டுகிற கை, அதனால் இரவில் அதற்கு ஊக்கு. வலது கைக்குத் தேய்ப்பு வேலை கொஞ்சம் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான்கு விரல் கழன்ற கைக்கும் ஒரு விரல்கூடக் கழலாத கைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தத் தேய்ப்பு மட்டும் உண்டாக்கியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஊக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். விரல் நுனியில் நகமும் தோலும் சேரும் இடத்தில் மெல்லிய அடைப்பு ஒன்று உண்டு. தண்ணீரும் கிருமியும் உள்ளே போகாமல் தடுப்பது அதுதான். ஊக்கு நுழைந்ததும் அது கிழிகிறது. இடைவெளி விழுந்ததும் உள்ளே காற்று போகிறது. நீங்கள் வெள்ளையாகப் பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காற்றைத்தான். காற்று போகிற இடத்தில் ஈரமும் சோப்பும் போகும், தோல் ஊறி உதிர்ந்து மாவுபோல் சேரும். அதை அழுக்கு என்று நினைத்து மறுநாள் இன்னும் கொஞ்சம் ஆழமாக நோண்டுவீர்கள். இடைவெளி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். பகலில் அரை மில்லிமீட்டர் பிடித்திருந்தால் இரவில் அதைப் பிய்த்துவிடுகிறீர்கள், அதுவும் சுத்தத்தின் பெயரால்!

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். களிம்பைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் கேட்கிறீர்கள். ஊக்கைப் பற்றிக் கேள்வியே இல்லை. அதைப் பெருமையாக அல்லவா எழுதியிருக்கிறீர்கள்! அம்மாவுக்கு ஊட்டுகிற கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் கழன்ற நகத்துக்கு அடியில் இருக்கிற பையைவிட அசுத்தமான இடம் அந்தக் கையில் வேறு இல்லை. அந்தப் பையை நீங்களேதான் தினமும் பெரிதாக்குகிறீர்கள்.

சரி, என்ன செய்வது? இன்று இரவிலிருந்து ஊக்கு, குச்சி, நகவெட்டியின் கூர்முனை எதுவும் நகத்தடிக்குள் போகக் கூடாது. பிரஷ்ஷும் கூடாது. கழன்ற பகுதியை நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக, சதையைப் பிடித்திருக்கும் இடம் வரைக்கும் வெட்டிவிடுங்கள். பிடித்திருக்கும் இடத்தை நெம்பக் கூடாது. கை நடுங்குகிறது என்றால் தோல் மருத்துவரிடம் போனால் அவரே வெட்டிவிடுவார். விரல் பார்க்க அசிங்கமாக இருக்கும், திறந்த சதை சில நாள் கூசும், இருக்கட்டும். நீட்டிக்கொண்டிருக்கும் நகம் நெம்புகோல் மாதிரி, எங்கே இடித்தாலும் மீதியையும் தூக்கிவிடும். வெட்டிவிட்டால் அந்த ஆபத்தும் இல்லை, அழுக்கு சேரப் பையும் இல்லை. சோப்பு போட்டு மேலாகக் கழுவித் துடைத்தாலே ஊட்டுவதற்குக் கை சுத்தம். வாரம் ஒருமுறை திரும்பவும் வெட்டுங்கள்.

அப்புறம் ஈரம். தண்ணீரில் ஊறினால் நகம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நாளெல்லாம் இதே நடந்தால் ஊக்கு இல்லாமலேகூட நகம் கழலும். அதனால் ஈர வேலைக்கெல்லாம் கையுறை. ரப்பர் கையுறையை வெறும் கையில் மாட்டினால் உள்ளே வியர்த்து அதுவும் ஈரம்தான். மெல்லிய பருத்தி உறை உள்ளே, ரப்பர் உறை வெளியே. பருத்தி உறை நனைந்தால் உடனே மாற்றுங்கள். நாலைந்து ஜோடி இருந்தால் சுழற்சிக்குச் சரியாக இருக்கும். கை கழுவியதும் விரல் நுனிகளைத் துணியால் ஒற்றி எடுங்கள். முடி உலர்த்தும் கருவி வீட்டில் இருந்தால் குளிர்ந்த காற்றில் வைத்து நுனிகளில் அரை நிமிடம் காட்டலாம். நகப்பூச்சு, ஒட்டு நகம், பூச்சு அகற்றும் திரவம் மூன்றும் நகம் முழுவதும் பிடிக்கும்வரை வேண்டாம்.

இன்னும் நாலு மாதம் தள்ளிப்போடலாம் என்று நினைக்காதீர்கள். நீண்ட காலம் நகம் பிடிக்காமல் திறந்தே கிடந்தால், அந்தச் சதையின் மேற்பரப்பு சாதாரணத் தோல்போல் மாறிப்போகும். அதன் பிறகு புது நகம் வந்தாலும் பிடிக்காது.

பூஞ்சைக் களிம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பூஞ்சை இருக்கிறதா என்று நகத்துணுக்கை எடுத்துப் பரிசோதித்தார்களா? இல்லை. ஈரமான இடைவெளியில் ஈஸ்ட் என்கிற பூஞ்சை குடியேறுவது சகஜம், பல நேரம் அது கழன்ற பிறகு வந்து சேர்ந்ததுதான். பயோட்டினையும் நிறுத்துங்கள். கழன்ற நகத்தை அது ஒட்டவைக்காது. அதோடு, தைராய்டு உட்படச் சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவை அது தப்பாகக் காட்டவைக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நகம் கழலும், பெரும்பாலும் மோதிர விரலில்தான் ஆரம்பிக்கும். உங்களுக்கு ஒரு கையில் மட்டும் இருப்பதால் எனக்கு அந்தச் சந்தேகம் குறைவு. ஆனாலும் எட்டு மாதம் ஆகிவிட்டது, ஒருமுறை தோல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். பயோட்டின் சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரை ஏதாவது எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், வெயில் பட்டால் அதனாலும் நகம் கழலும். நகத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள், தோலில் செதில், எண்ணெய்த் துளிபோல் மஞ்சள் திட்டு இருந்தால் சொரியாசிஸா என்று அவர் பார்ப்பார். நகம் பச்சையாக மாறினாலோ, சீழ் கட்டினாலோ, கருப்புக் கோடு தெரிந்தாலோ காத்திருக்கவே வேண்டாம்.

இனி தம்பிக்கு வருவோம். நீங்கள் தம்பியைப் பற்றிப் புகார் சொல்லவில்லை, தெரியும். ஒரே வரியில் அவரை விட்டுவிட்டீர்கள். என்னால் அப்படி விட முடியவில்லை. பெற்றவளைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை என்பதில் நான் பழைய ஆள்தான். ஆனால் அம்மாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவருக்கு நகம் கழன்றுபோகிற அளவுக்கு வேலை, இன்னொருவருக்கு வாரம் ஒருநாள் பேச்சு என்றால் அதைக் கடமை என்று நான் சொல்லமாட்டேன். “அவனுக்கு வராது” என்கிறீர்களே, யாருக்குத்தான் பிறக்கும்போதே வந்தது? உங்களுக்கு மட்டும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதில் உங்கள் பங்கும் இருக்கிறது. நான் செய்தால்தான் சுத்தம் என்கிற பிடிவாதம் அந்த ஊக்கு வரைக்கும் வந்திருக்கிறது. அம்மாவுக்கு உங்கள் கை வேண்டும் என்பது ஊட்டும்போது மட்டும்தான். உடம்பு துடைப்பதற்கு மகனிடம் அவர் கூச்சப்படலாம், அதுவும் நியாயம், அதை நீங்களே கையுறை போட்டுச் செய்யுங்கள். துணியை யார் அலசினார், தட்டை யார் கழுவினார் என்று அவர் பார்க்கப்போவதில்லை. அந்த இரண்டும் அடுத்த ஆறு மாதத்துக்குத் தம்பியின் வேலை. ஞாயிறு மட்டும் இல்லை, பக்கத்தில்தானே இருக்கிறார், தினமும் மாலையில் வரட்டும். துணி அலசிக்கொண்டேகூட அம்மாவோடு பேசலாம்.

ஞாயிறு வரைக்கும் காத்திருக்காமல் இன்றைக்கே போன் செய்யுங்கள். உதவியாகக் கேட்காதீர்கள், இது உன் பங்கு என்று சொல்லுங்கள். கையுறை வாங்கும்போது ஆண்கள் கைக்கு ஏற்ற பெரிய அளவிலும் ஒரு ஜோடி சேர்த்து வாங்கிவிடுங்கள்.