2 கிலோமீட்டர் பள்ளிக்கு வேன் தேவையா?

கேள்வி: என் மகனுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி 2 கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆனாலும் வேனில்தான் போய் வருகிறான். இரண்டாவது மாடியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் படியேறி வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்குகிறது. சைக்கிளில் அனுப்பினால் இது சரியாகுமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: பெரும்பாலும் சரியாகும். ஆனால், சைக்கிள் வாங்குவதற்கு முன் அவனை ஒருமுறை குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இந்த வயதில் படியேறும்போது மூச்சு வாங்குவதற்கு உடல் உழைப்பு இல்லாததே பொதுவான காரணம் என்றாலும், இரத்தசோகை நம் பிள்ளைகளிடம் பரவலாக இருப்பதால் ஹீமோகுளோபின் அளவைப் பார்ப்பது அவசியம். 12 வயதில் அது 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று கொள்கிறோம். ஓடி நின்ற சில நிமிடங்களில் இருமலோ இழுப்போ வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். விளையாடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ வந்திருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களாவது, நெஞ்சு படபடக்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் என்று ஓடும் நாளில் அந்த ஒரு மணி நேரத்தை எங்கே தேடுவது என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். பள்ளிக்குப் போய்வரும் வழியில்தான் அது கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. 2 கிலோமீட்டரைச் சைக்கிளில் கடக்கப் பத்து நிமிடம் போதும். போகவும் வரவும் சேர்த்தால் தேவையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிடுகிறது. தெருத்தெருவாகச் சுற்றும் வேனிலோ, அதே தூரத்துக்குப் பிள்ளைகள் மடியில் பையை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேனைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவையும் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

நடந்து போவதும் நல்லதுதான். எனினும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வலு சேர்ப்பதில் சைக்கிள் ஒரு படி மேல். டென்மார்க்கின் ஓடென்ஸ் நகர மாணவர்களிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நடந்து வந்தவர்களையும் வாகனத்தில் வந்தவர்களையும் விடச் சைக்கிளில் வந்தவர்களின் உடல்திறன் தெளிவாக அதிகமாக இருந்தது. மெதுவான நடையில் மூச்சு அவ்வளவாக ஏறுவதில்லை. பெடலை அழுத்தி மிதிக்கும்போது ஏறுகிறது.

ஆனால் ஓடென்ஸில் சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் உண்டு. நம் ஊர்களில் அவை அரிது. ஆகவே, லாரியும் பேருந்தும் விரையும் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் அவனைத் தனியே அனுப்ப வேண்டாம். உட்தெருக்கள் வழியாகப் போக முடியுமானால், முதல் இரண்டு வாரம் வீட்டில் யாராவது உடன் சென்று, எந்தத் திருப்பத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். வளர்கிற பிள்ளை என்று பெரிய சைக்கிளாக வாங்கிக் குரங்குப் பெடல் போட வைக்காதீர்கள். இருக்கையில் அமர்ந்தபடியே பாதத்தின் முன்பகுதி தரையைத் தொட வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். புத்தகப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடாமல் கேரியரில் இறுகக் கட்டுங்கள். அதன் எடை அவன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

பாதை எப்படியும் ஒத்துவராது என்றால், பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் முன்பே, நடைபாதை உள்ள இடத்தில் வேனிலிருந்து இறங்கி, நண்பர்களுடன் வேகமாக நடக்கச் சொல்லலாம். மாலையில் அரை மணி நேரமாவது ஓடி விளையாட விடுங்கள். எந்த வழியானாலும், இரண்டு மாதம் தொடர்ந்த பிறகும் படியேறுகையில் அதே அளவு மூச்சு வாங்கினால், மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள்.