மங்கோலியாவில் நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் மூலிகைக் கஷாயம் எது? எப்படிச் செய்வது?

வடக்கே ஹென்டி, ஹூவ்ஸ்குல் மலைக்காடுகளில் சுமார் ஒரு சாண் உயரமே வளர்ந்து தரையோடு படர்ந்திருக்கும் 'அலிர்ஸ்' (ஆங்கிலத்தில் லிங்கன்பெர்ரி) செடியின் இலைதான் நீங்கள் கேட்பது. சிவப்புப் பழத்தை எல்லோரும் பறிப்பார்கள். சிறுநீர்ப்பைக்கு மருந்து இலையில் இருக்கிறது.

இலை பறிக்கும் காலம் முக்கியம். பனி உருகியதிலிருந்து பூக்கும் வரை ஒரு பருவம், பழம் முடிந்தபின் இலையுதிர் காலத்தில் இன்னொன்று. நடுக்கோடையில் பறித்த இலை காயும்போதே கறுத்துவிடும். நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உலர்த்த வேண்டும். நல்ல இலையைத் திருப்பிப் பாருங்கள்: மேலே பளபளக்கும் கரும்பச்சை, கீழே வெளிறிய பச்சையில் ஊசியால் குத்தியதுபோல் பழுப்புப் புள்ளிகள், ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டிருக்கும். புள்ளி இல்லாவிட்டால் அது வேறு செடி.

ஒரு நாளுக்கு 6 கிராம் உலர்ந்த இலை, 200 மில்லி தண்ணீர். இலை தோல்போலத் தடித்தது, மேலே மெழுகுப் பூச்சு வேறு. தேநீர்போல் வெந்நீர் ஊற்றி வைத்தால் சாறு சரியாக இறங்காது. இலையை நொறுக்கி எனாமல் பாத்திரத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி மூடி, கொதிக்கும் தண்ணீருக்குள் அந்தப் பாத்திரத்தை அரை மணி நேரம் வையுங்கள். இறக்கி 10 நிமிடத்தில், சூடு இருக்கும்போதே வடிகட்டிப் பிழியுங்கள். ஆறவிட்டால் துவர்ப்புச் சத்து வண்டலாகப் படிந்து, மருந்துச் சத்தையும் இழுத்துக்கொண்டு இலையோடு போய்விடும். பலரும் தவறு செய்வது இங்கேதான். இரும்புச் சட்டி வேண்டாம், கஷாயம் கறுத்துவிடும். வற்றிய அளவுக்கு வெந்நீர் சேர்த்து மறுபடி 200 மில்லி ஆக்கி, மூன்று வேளையாகப் பிரித்துச் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கலாம். வெறும் வயிற்றில் துவர்ப்பு குமட்டும்.

இலையில் உள்ள அர்புடின் என்ற மருந்துச் சத்து உடலில் மாறி, சிறுநீர் வழியாக வெளியேறும்போது கிருமியைத் தாக்குகிறது. சிறுநீர் புளிப்பாக இருந்தால் இந்த வேலை குறையும் என்பதால் எலுமிச்சைச் சாறு, வைட்டமின் சி மாத்திரை, அந்தச் செடியின் பழச்சாறு எதையும் கூடவே குடிக்காதீர்கள். சிறுநீர் பச்சை கலந்த பழுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மேல் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், பிள்ளைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது. காய்ச்சல், நடுக்கம், விலாவில் வலி, சிறுநீரில் ரத்தம் இருந்தால் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். கஷாயத்தை நம்பி ஒரு நாளைக்கூட வீணாக்காமல் மருத்துவரிடம் போய்ச் சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள்.

மங்கோலிய வைத்தியர்கள் கூட்டு மருந்துகளும் தருவார்கள். அவர்கள் 'ஸங்கூ' என்பது நம் நெருஞ்சில்தான். நீர் பிரியாமல் சிரமப்படுபவர்களுக்கு அங்கேயும் நெருஞ்சில் காய்தான். 'சுக்மெல்' என்று தொடங்கும் சிறுநீரகச் சூரணங்களில் சுக்மெல் என்பது ஏலக்காய். 'சூக்ஷ்மைலா' என்ற வடசொல் திபெத் வழியாகப் போய் அப்படி ஆனது. இடுப்பில் குளிர் இறங்கினால் சிறுநீரகம் கெடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் மருந்தோடு இடுப்பைச் சூடாக வைத்திருக்கவும் சொல்வார்கள்.