மழை பெய்கிற வார இறுதியில் பிள்ளைகளோடு ஜெர்மனியின் பழைய கோட்டை ஊருக்குப் போகலாமா?

கேட்டவர் மியூனிக்கில் இருக்கிறார். ரோத்தன்பர்கில் அறை போட்டாயிற்று, இரண்டு நாளும் மழை என்கிறார்கள், சின்னப் பிள்ளைகள் வேறு, ரத்து செய்துவிடலாமா என்கிறார்.

பயணத்தை ரத்து செய்ய வேண்டாம். அறைப் பணம் திரும்பக் கிடைக்குமென்றால் ஊரை மட்டும் மாற்றுங்கள். அதேமாதிரி மதில் சூழ்ந்த பழைய ஊரான நேர்ட்லிங்கன் போங்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். அந்த ஊர் மதிலுக்குக் கூரை இருக்கிறது. ரோத்தன்பர்கிலும் கூரை போட்ட மதில் நடை உண்டு, ஆனால் அது ஊரை முழுசாகச் சுற்றி வராது. நேர்ட்லிங்கனில் ஏறின இடத்துக்கே திரும்பி வரலாம். மொத்தம் 2.7 கிலோமீட்டர், ஐந்து வாசல்கள், நுழைவுக் கட்டணம் கிடையாது. 1327-ல் கட்டத் தொடங்கிய மதில். மேலே ஓடு, கீழே பலகை, ஒரு பக்கம் அம்பு எய்யும் துவாரங்கள், மறுபக்கம் ஊரின் கொல்லைப்புறங்கள்.

போன அக்டோபரில் நாங்கள் போனபோது அம்மாவும் எங்களோடு இருந்தாள், திருநெல்வேலியிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தாள். "ஏட்டி, மதில் மேல நடக்கதுக்கா இம்புட்டு தூரம் கூட்டிட்டு வந்தே?" என்று ஆரம்பித்தவள், பாதி சுற்றுக்குள் என்னை முந்திவிட்டாள். மதிலை ஒட்டியே குட்டி குட்டி வீடுகள் கட்டியிருக்கிறார்கள், இன்னும் ஆள் குடியிருக்கிறார்கள். யார் வீட்டுத் தோட்டத்தில் பூசணி காய்த்திருக்கிறது, யார் விறகை மழையில் நனைய விட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஐந்து வயது மகனுக்கு ஓட இடம் கிடைத்தால் போதும். தள்ளுவண்டி மட்டும் கொண்டுபோகாதீர்கள். ஏறுகிற மரப்படி செங்குத்து, மேலேயும் எதிரே ஆள் வந்தால் ஒதுங்கித்தான் நிற்கவேண்டும்.

ஆனால் ஊரின் விசேஷம் மதில் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் பள்ளம். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று விழுந்து, இருபத்தைந்து கிலோமீட்டர் அகலத்துக்குக் குழி பறித்துவிட்டுப் போனது. அந்தக் குழிக்குள்தான் ஊர். மதிலுக்குள் இருக்கும் வட்டமும் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர்தான். "அப்போ நாம இப்ப சுத்தி வந்தது அந்தக் கல்லோட சைஸா?" என்று ஒன்பது வயது மகள் கேட்டாள். ஏறக்குறைய அப்படித்தான்.

ரொம்ப காலம் இதை எரிமலை வேலை என்றே நினைத்திருந்தார்கள். 1960-ல் யூஜின் ஷூமேக்கர், எட்வர்ட் சாவோ என்ற இரண்டு நிலவியலாளர்கள் இங்குள்ள பாறையில் கோயசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்தார்கள். பேரழுத்தத்தில் மட்டுமே உருவாகும் குவார்ட்ஸ் வகை அது. எரிமலையால் அந்த அழுத்தத்தைக் கொடுக்க முடியாது. கதை மாறியது. அந்தப் பாறைக்குப் பெயர் சூவைட். ஊர் நடுவில் நிற்கும் புனித ஜார்ஜ் தேவாலயமே அதில் கட்டியதுதான், விண்கல் மோதியதில் பிறந்த பொடி வைரங்களோடு. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆகவே உளியோடு போகவேண்டாம். மழையில் எங்களுக்கு ஒரு லாபமும் கிடைத்தது. நனைந்த சுவரில் சாம்பல் நிறத்துக்கு நடுவே கறுப்புக் கண்ணாடித் துணுக்குகள் பளிச்சென்று தெரிந்தன. மகன் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான், நாங்கள் குடையோடு காவல் நின்றோம்.

பெருமழை பிடித்ததும் ரீஸ் பள்ள அருங்காட்சியகத்துக்குள் புகுந்தோம், ரீஸ் என்பது இந்தப் பள்ளத்தின் பெயர். 1503-ல் கட்டிய களஞ்சியம் அது. அப்பல்லோ 16 கொண்டுவந்த நிலாக்கல் ஒன்று அங்கே இருக்கிறது. நிலாவில் என்ன மாதிரிக் கல்லைப் பொறுக்கவேண்டும் என்று பழக, 1970-ல் அப்பல்லோ 14 வீரர்கள் இந்தப் பள்ளத்துக்குத்தான் வந்தார்கள். திங்கட்கிழமை மூடிவிடுவார்கள்.

மழையால் நட்டமும் உண்டு, மறைக்கமாட்டேன். தேவாலயக் கோபுரத்தை டேனியல் என்கிறார்கள். 90 மீட்டர் உயரம், 350 படி. என் கணவரும் மகளும் மூச்சுவாங்க ஏறினார்கள். வானம் தெளிந்திருந்தால் பள்ளத்தின் விளிம்பு சுற்றிலும் குன்றுகளாகத் தெரியுமாம். இவர்கள் பார்த்தது வட்டமாக அடுக்கின சிவப்பு ஓடுகளும் அதற்கப்பால் வெள்ளை மூட்டமும்.

இரவு அங்கேயே தங்குங்கள், இதை மட்டும் தட்டாதீர்கள். கோபுரத்தில் இன்றும் காவல்காரர் இருக்கிறார். பத்து மணியிலிருந்து நள்ளிரவு வரை அரைமணிக்கு ஒருதரம் "ஸோ, க்ஸெல், ஸோ" என்று குரல் கொடுப்பார், "அப்படியா கூட்டாளி, அப்படியா" என்கிற மாதிரி. 1440-ல் பக்கத்துச் சீமையின் பிரபு காவலாளிகளுக்குப் பணம் கொடுத்து இரவில் வாசலைத் திறந்துவைக்கச் சொன்னானாம். ஒரு பன்றி முதுகு சொறிய உரசியதில் கதவு அசைய, அதைப் பார்த்த பெண்ணொருத்தி போட்ட சத்தம் அது என்பது ஊர்க்கதை. மகன் தூங்காமல் சன்னலைத் திறந்துவைத்துக் காத்திருந்தான். மழைச் சத்தத்துக்கு நடுவே மெலிசாகத்தான் கேட்டது. இவன் பதிலுக்குக் கத்தியதில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

நகராட்சி மாளிகையின் வெளிப்படிக்கட்டுக்கு அடியில் ஒரு குட்டிச் சிறை இருக்கிறது, பக்கத்தில் கோமாளி உருவம் செதுக்கியிருக்கும். "இப்போது நாம் இருவர்" என்று அதன்கீழ் எழுதியிருக்கிறது. பார்க்கிறவரும் சேர்ந்து இரண்டு கோமாளிகள் என்று அர்த்தம் சொன்னதும் அம்மா, "சரியாத்தான் சொல்லுதான். இந்த மழையில வந்து நின்னு அவனப் பாக்கோம்லா" என்றாள்.

ரயிலில் டோனாவேர்ட்டில் மாறவேண்டும், அங்கிருந்து அரைமணி நேரம். வட்டார ரயில்தான், நாடு முழுக்க அந்த மாதிரி ரயில்களில் போக உதவும் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு செல்லும். எங்களுக்கு இணைப்பு ரயில் தவறி, நடைமேடையில் ஒரு மணி நேரம் போனது. புளியோதரை கொண்டுபோயிருந்ததால் பிழைத்தோம்.

சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை. அந்தப் பக்கம் ஃப்ளேட்லே சூப் எல்லா இடத்திலும் கிடைக்கும், தோசையைச் சுருட்டி நறுக்கிப்போட்ட மாதிரி. சூவைட்டில் இருக்கும் கண்ணாடித் துணுக்குகளுக்கும் ஊரார் அதே பெயர்தான் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் சைவம்போல இருக்கும், சாறு பெரும்பாலும் மாட்டெலும்பில் காய்ச்சியது. கேட்டுவிட்டு வாங்குங்கள். அம்மா கரண்டியை வாய்வரை கொண்டுபோன பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.