தலைச்சுமையும் வேலையும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். என் அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர். நான் பதினொன்றாம் வகுப்பில் இருந்தபோது இயற்பியல் ஆசிரியர், “தலையில் மூட்டையோடு சமதளத்தில் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் அவர் செய்த வேலை சுழி” என்றார். வகுப்பே சிரித்தது. “அப்போ கூலி எதுக்கு சார் குடுக்குறாங்க?” என்று ஒரு பையன் கேட்டான். இன்னும் பெரிய சிரிப்பு. என் அப்பா என்ன செய்கிறார் என்பது அங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

இப்போது கல்லூரியில் வணிகவியல் படிக்கிறேன். இயற்பியலை விட்டுவிட்டேன், அந்தச் சுழி மட்டும் என்னை விடவில்லை. அப்பா சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அறிவியல்படி அவர் வேலையே செய்யவில்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதை அங்கேயே பிடித்திருந்தால் அன்றைய பாடம் வேறு மாதிரி போயிருக்கும். நானும் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன்தான். இதே வரியைச் சொல்லி இதே சிரிப்பைப் பல வருடம் வாங்கியிருக்கிறேன். அதனால் உங்கள் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அவர் சொன்னது தப்பில்லை, பாதியில் நிறுத்திவிட்டார். விசையை, அந்த விசையின் திசையில் பொருள் நகர்ந்த தூரத்தால் பெருக்கினால் வருவது வேலை. அப்பாவின் தலை மூட்டையை மேல்நோக்கித் தாங்குகிறது. மூட்டை போவதோ பக்கவாட்டில். ஆகவே சுழி. சரி, இது யாருடைய கணக்கு? மூட்டையின் கணக்கு. மூட்டையில் எவ்வளவு ஆற்றல் போய்ச் சேர்ந்தது என்பது மட்டும்தான் இதில் பதிவாகும். நீங்கள் வணிகவியல் படிப்பவர், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஒருவருடைய வரவுப் பத்தியை மட்டும் பார்த்துவிட்டு இன்னொருவருடைய செலவைச் சொல்ல முடியாது.

இந்த வேலை என்ற சொல் இயற்பியலுக்குள் வந்த கதையும் அப்படித்தான். 1829-இல் கோரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் யந்திரங்களைப் பற்றி எழுதிய நூலில், உழைப்பு என்பதற்கு அவர்கள் மொழியில் அன்றாடம் புழங்கும் சொல்லை எடுத்து இந்த அளவுக்குப் பெயராக வைத்தார். இந்த எடையை இந்த உயரத்துக்கு ஏற்ற எந்த யந்திரம் கட்டுபடியாகும் என்று தெரிந்துகொள்ள அது தோதான அளவு. யந்திரத்துக்குக் கால் வலிக்காது. ஆனால் அதற்கு முப்பது வருடம் முன்பே இன்னொரு பிரெஞ்சுக்காரர் மனிதர்களையே அளந்து பார்த்திருந்தார். மின்னூட்ட விதியில் நாம் படிக்கும் அதே கூலூம்தான். விறகு சுமந்து படியேறும் ஆட்களையெல்லாம் கணக்கெடுத்த அவர், ஒரு ஆளின் உழைப்பால் விளையும் பலன் வேறு, அவனுக்கு உண்டாகும் களைப்பு வேறு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார். பலனைப் பாடப்புத்தகம் எடுத்துக்கொண்டது. களைப்பு உயிரியலுக்குப் போய்விட்டது.

பலன் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். 50 கிலோ மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து லாரித் தட்டுக்கு, 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், ஏற்றினால் மூட்டைக்குப் போவது 588 ஜூல். ஒரு நாளில் இருநூறு மூட்டை, அதாவது பத்து டன் அரிசி, ஏற்றினாலும் மொத்தம் சுமார் 1,17,600 ஜூல். சாப்பாட்டுக் கணக்குக்கு மாற்றினால் 28 கிலோ கலோரி. ஏழு கிராம் சர்க்கரை. டீக்கடை மாஸ்டர் ஒரு டீக்கே அதைவிட அதிகம் போடுவார். இறக்கும் கணக்கு இன்னும் வேடிக்கை. லாரியிலிருந்து மூட்டையை மெதுவாக இறக்கி வைத்தால் சூத்திரப்படி அப்பாவின் வேலை மைனஸ்! மண்டியில் யாரும் இதைக் காட்டிக் கூலியைத் திருப்பிக் கேட்பதில்லை, நல்லவேளை.

அப்படியானால் சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறது? பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக்கல். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அந்தக் காலத்தில் நட்டு வைத்தார்கள். இறக்கவும் ஏற்றவும் இன்னொரு ஆளைத் தேடாமல் சுமையை அதன்மேல் சரித்து வைக்கலாம். அந்தக் கல் நூறு வருடம் சுமந்தாலும் அதற்குச் செலவு ஒன்றுமில்லை. அதே மூட்டையோடு ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் நமக்குத் தொடை நடுங்குகிறது.

காரணம், தசைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. தேர் இழுக்கும்போது வடத்தைக் கவனியுங்கள். ஒரு கை விட்டு முன்னால் பிடிக்கும், அந்த நேரத்தில் மற்ற கைகள் இழுத்துக்கொண்டிருக்கும். தசைக்குள் ஆக்டின் என்ற இழைதான் வடம். மயோசின் இழையில் முளைத்திருக்கும் எண்ணற்ற தலைகள் கைகள். ஒவ்வொரு தலையும் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற மூலக்கூறு ஒன்று செலவாகிறது. தேர் நகராமல் முட்டுக்கட்டையில் நின்றாலும் கைகள் மாறிக்கொண்டேதான் இருக்கும். மூட்டையோடு சும்மா நிற்பது அந்த நிலைமைதான்.

இதில் ஒரு விசித்திரம். பிடித்த தலை விடுபடுவதற்குத்தான் ஏடிபி வந்து ஒட்ட வேண்டும். செத்த உடம்பு சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதனால்தான்: ஏடிபி தீர்ந்துவிட்டது, பிடித்த கைகளுக்கு விடத் தெம்பில்லை. சிப்பிகள் கெட்டிக்காரப் பிறவிகள். அவற்றின் ஓட்டை மூடும் தசை பூட்டுப்போட்டதுபோல் நின்றுவிடும், மணிக்கணக்கில் பிடித்திருந்தாலும் செலவு மிகக் குறைவு. நமக்கு அந்த வசதி இல்லை.

வெளியே வேலையாக வராத செலவு வெப்பமாக வருகிறது. ஏ. வி. ஹில் என்ற ஆங்கிலேயர் தவளைத் தசையைக் கருவியில் பொருத்தி, அது சுருங்கும்போதும், சுருங்க முடியாமல் முறுக்கி நிற்கும்போதும் எவ்வளவு சூடாகிறது என்று அளந்தார். ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு மட்டுமே ஏறும் சூடு அது. அந்த ஆராய்ச்சிக்காக 1922-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பாதி கிடைத்தது. மூட்டைக் கணக்கில் சுழி என்று வரும் இடத்திலும் தசை சூடாகிறது.

பெரிய தசைகள் நன்றாக ஒத்துழைக்கும் வேலையில்கூட, செலவாகும் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் வெளி வேலையாக மாறுவது அரிது. மீதி முக்கால் பங்கும் சூடு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதரே கிட்டத்தட்ட 100 வாட், பழைய குண்டு பல்பு ஒன்று. கடுமையாகச் சுமக்கும்போது 300 வாட் சூடு சாதாரணமாக வரும். அது வெளியே போகவே வழியில்லை என்றால் 60 கிலோ உடம்பு ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். ஒரு மணி நேரத்தில் ஆள் இருக்கமாட்டார்.

காப்பாற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்கத் தோலில் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். முன்னால் வந்த 28-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவியானால் மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். மண்பானைக்கு உள்ள அதே விதி. அப்பா சட்டையிலிருந்து பிழியும் தண்ணீர் ஆவியாகாமல் தங்கிப்போனது, அது அவரைக் குளிர்விக்கவே இல்லை. புழுக்கமான நாளில் காற்று அதை வாங்கிக்கொள்வதில்லை, உடம்பு இன்னும் இன்னும் ஊற்றுகிறது. மண்டியில் பலரும் சட்டையைக் கழற்றிவிட்டுத் துண்டோடு நிற்பது சரியான இயற்பியல். போன தண்ணீரோடு உப்பும் போவதால், வெறும் தண்ணீரைவிட உப்புப் போட்ட மோர் மேல்.

கடைசியாக ஒன்று. 1986-இல் கென்யாவில், தலையில் சுமக்கும் லுவோ இனப் பெண்களும் நெற்றியில் மாட்டிய பட்டையால் சுமக்கும் கிகூயூ இனப் பெண்களும் சுமையோடு நடக்கும்போது எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்று அளந்து ஓர் ஆய்வு வெளியானது. தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை அவர்கள் கூடுதல் செலவே இல்லாமல் சுமந்தார்கள். பிறகு பார்த்ததில், நடை ஊசல் மாதிரி ஏறி இறங்கும்போது வீணாகும் ஆற்றலை அவர்கள் நம்மைவிட நன்றாக மீட்டுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து பழகிய நடை அது. 50 கிலோவுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது அநேகமாக அப்பாவின் எடைக்கே பக்கத்தில் வரும். இருந்தாலும் தலைச்சுமைக்காரர்களின் நடையில் நாம் இன்னும் அளக்காதது நிறைய இருக்கிறது.

உங்கள் அப்பா சும்மாடு எப்படிச் சுற்றுகிறார்? துண்டா, சாக்குத் துணியா? மூட்டை ஏறியதும் முதல் எட்டை எந்தக் காலில் எடுத்துவைக்கிறார்? கேட்டுப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.