ஆசான் ஊரில், கம்பு பெங்களூரில்: சிலம்பப் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க

கேள்வி: மதுரைப் பக்கம் நான்கு வருடம் சிலம்பம் கற்றேன். வேலைக்காகப் பெங்களூரு வந்து எட்டு மாதம் ஆகிறது. விடுதியில் இருவர் தங்கும் அறை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போகிறேன். முதல் மாதம் தினமும் கம்பு சுற்றினேன். இப்போது அது கட்டிலுக்குப் பின்னால் கிடக்கிறது. ஆர்வம் குறைந்துவிட்டதா, வெறும் சோம்பலா என்றே புரியவில்லை. எப்படித் தொடர்வது?

பதில்: ஆர்வம் போயிருந்தால் கட்டிலுக்குப் பின்னால் கிடக்கும் கம்பு உங்களை உறுத்தியிருக்காது. திடலில் இருந்த நான்கு வருடத்தில் என்ன பயிற்சி செய்வது என்று நீங்கள் ஒருநாளும் முடிவெடுத்ததில்லை. வரச் சொன்ன நேரத்துக்கு வந்தீர்கள். ஆசான் சுவடு (காலடி வரிசை) வைக்கச் சொன்னால் வைத்தீர்கள், கை மாற்றச் சொன்னால் மாற்றினீர்கள். இப்போது எங்கே, எப்போது, எதை, எத்தனை தடவை என்பதையெல்லாம் அலுவலகக் களைப்போடு நீங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. கம்பைத் தொடும் முன்பே அலுத்துப்போவது அதனால்தான். அந்த முடிவுகளை முன்கூட்டியே எடுத்துவைத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆசானிடம் ஒரு சுவடும் ஒரு வீச்சும் மட்டும் பாடமாகக் கேட்டு வாங்குங்கள். "இரண்டு மாதம் இதை மட்டும்தான் செய்யப்போகிறேன், வந்ததும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். நான்கு வருடப் பாடம் முழுவதையும் தினமும் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் வேண்டியிருக்கும், அது கிடைக்காது, கிடைக்காத நாளில் எதுவுமே நடக்காது.

தினசரி அளவு 15 நிமிடம் போதும். ஷிஃப்ட் மாறும் வேலையென்றால் கடிகார நேரம் வைக்காதீர்கள். வேலை முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளித்துவிட்டால் மறுபடி வியர்க்க யாருக்கும் மனம் வராது.

அறைக்குள் செய்ய ஏற்றது சுவடு. கம்பு வேண்டாம், சத்தம் வராது, அறைத்தோழருக்கும் தொந்தரவில்லை. தரையில் சாக்பீஸால் இரண்டு பாதங்களின் ஓரத்தையும் வரைந்துகொள்ளுங்கள். இரு கைகளையும் இடுப்பில் வைத்து, பார்வையை எதிர்ச்சுவரில் கண் மட்டத்தில் நிறுத்தி, ஆசான் கொடுத்த சுவட்டைப் பத்து முறை மெதுவாக வைத்துவிட்டுக் குனிந்து பாருங்கள். பாதம் வரைந்த கோட்டுக்குள்ளேயே இருந்தால் சரி. ஒரு சாண் முன்னால் போயிருந்தால், முன்னே வைக்கும் அளவுக்குப் பின்னே எடுத்துவைக்கவில்லை என்று பொருள். பக்கவாட்டில் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் திரும்பும்போது ஒரு முழங்கால் விறைத்திருக்கும். திடலில் ஆசான் கண்ணால் பிடித்த பிழையை இங்கே கோடு பிடித்துக் கொடுத்துவிடும். கோட்டுக்குள் நின்ற பிறகே வேகம் கூட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் தொடை எரிய வேண்டும்; எரியவில்லை என்றால் நிமிர்ந்து நின்றே நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

கம்பு சுற்ற மொட்டை மாடிதான். நெற்றி உயரக் கம்பு ஏறக்குறைய ஐந்தரை அடி இருக்கும். அதோடு கை நீளத்தையும் சேர்த்தால் உங்களைச் சுற்றி எல்லாப் பக்கமும் எட்டடியாவது காலியாக இருக்க வேண்டும். கொடிக்கயிறு, கேபிள், தண்ணீர்த் தொட்டிக் குழாய் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் அந்த மாடியே வேண்டாம். விடுதி நடத்துபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கம்போடு மாடியேறினால் மறுநாளே கதவுக்குப் பூட்டு விழும். வாரத்தில் இரண்டு நாள் மாடி, மற்ற நாள் அறை என்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

மாடி இல்லாதவர்கள் மூன்றடிக் கம்பை வைத்து அறைக்குள்ளேயே சுற்றலாமா என்று கேட்பார்கள். மணிக்கட்டுக்கு மட்டும் சுற்றலாம். இடக்கையில் முப்பது, வலக்கையில் முப்பது, இப்படி மூன்று சுற்று. பலவீனமான கையில் தொடங்குங்கள். முழு வீச்சை அதில் பழகாதீர்கள். குட்டைக் கம்பு எடை குறைவு, சட்டென்று திரும்பிவிடும். கை அந்த வேகத்துக்குப் பழகிய பிறகு நெடுங்கம்பை எடுத்தால் கால் முந்திவிடும், கம்பு பிந்தி வந்து உங்கள் முழங்கையையோ கெண்டைக்காலையோதான் பதம் பார்க்கும். இரண்டாகப் பிரித்து மரையில் பூட்டும் கம்பு ரயிலில் கொண்டுபோக வசதி. ஆனால் சுற்றச் சுற்றப் பூட்டு தளரும். ஒவ்வொரு முறையும் இறுக்கிப் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

தனியாகப் பழகும்போது முதலில் மங்குவது எதிராளியோடு உள்ள இடைவெளிக் கணக்கு. அதற்கு முழு மாற்று கிடையாது. ஓரளவுக்கு உதவுவது, கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட டென்னிஸ் பந்து. தோள் உயரத்தில் கட்டி, சுவடு வைத்து உள்ளே போய், கம்பு நுனியால் தொட்டுவிட்டு வெளியே வாருங்கள். பக்கத்துக்குப் பத்து முறை. பந்து லேசாக ஆடினால் அளவு சரி. கன்னாபின்னாவென்று பறந்தால் தோளால் அடிக்கிறீர்கள், மணிக்கட்டு வேலை செய்யவில்லை.

வாரத்தில் ஒருநாள் ஒரே ஒரு நிமிட வீடியோ எடுங்கள். கைபேசியைப் பத்தடி தள்ளி இடுப்பு உயரத்தில் வையுங்கள், பாதம் கட்டாயம் தெரிய வேண்டும். ஆசானுக்கு அனுப்பும்போது, "திரும்பும்போது பின்கால் சரியா?" என்பது போல ஒரு கேள்வியோடு அனுப்பினால் பதில் வரும். சும்மா அனுப்பினால் கட்டைவிரல் படம்தான் வரும். ரீல்ஸில் வருகிற அலங்கார வீச்சுகளைப் பார்த்து நீங்களாகக் கற்பதைத் தள்ளிவையுங்கள். சுவடு ஆசானுக்கு ஆசான் மாறும். கலந்துகொண்டு போனால், அடுத்த பாடத்துக்கு முன் அதை மறக்கடிப்பதே ஆசானுக்கு வேலையாகிவிடும்.

இடையில் நாட்கள் விட்டுப்போகும். விட்டதைச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் சுற்றாதீர்கள்; மணிக்கட்டு வலி அப்படித்தான் வருகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் விட்டிருந்தால் முதல் நான்கு நாள் பாதி அளவு. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் சுருக்கென்று குத்தினால் கம்பை வைத்துவிட்டுச் சுவடு மட்டும் செய்யுங்கள். ஒரு வாரத்தில் அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இலக்கு இல்லாத பயிற்சி தானாகவே தேய்ந்துபோகும். நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறியுங்கள். ஊர்த் திருவிழாவில் ஆடுவதாக இருக்கலாம், மாவட்டப் போட்டியாகவும் இருக்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் உண்டு. அந்த எண்ணம் இருந்தால் எந்தப் போட்டிச் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

இன்று முதல் வேலையாகக் கம்பைக் கட்டிலுக்குப் பின்னாலிருந்து எடுங்கள். பல மாதம் சாய்ந்தே கிடந்த பிரம்பு வளைந்திருக்கும், ஏசி அறையென்றால் காய்ந்தும் இருக்கும். விரலால் நீளவாக்கில் தடவி, வெடிப்போ சிலாம்போ இருக்கிறதா என்று பாருங்கள். வெடித்த கம்பைச் சுற்றக் கூடாது, மாற்றிவிடுங்கள். நன்றாக இருந்தால் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, நல்லெண்ணெய் மெல்லப் பூசி, பிடி வழுக்காதபடி உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு ஆணியடித்துப் படுக்கைவாட்டில் வையுங்கள். வேலை முடிந்து உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படும் இடம் அதுதான்.