ஹச்சியோஜிக்கு எந்த இ233 ரயில்? அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு

கேள்வி: எனக்கு டோக்கியோவுக்கு மேற்கே ஹச்சியோஜியில் வேலை. அப்பா அம்மா இப்போது நகோயாவில் அக்கா வீட்டில் இருக்கிறார்கள், சனிக்கிழமை மதியம் நான் போய்க் கூட்டி வர வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி. அப்பாவுக்குச் சர்க்கரை, பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கணும். இரண்டு பெரிய சூட்கேஸ் வேறு. டோக்கியோவில் ஷின்கான்சென் புல்லட் ரயிலிலிருந்து இறங்கி சூவோ லைன் ஆரஞ்சு ரயிலில் போய்விடலாமா? அதில் க்ரீன் கார் என்று தனிக் கட்டணப் பெட்டி வந்திருக்கிறதாமே, அதற்குக் காசு கொடுப்பது தண்டமா?

பதில்: தண்டமில்லை. ஆனால் உங்கள் அம்மாவுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் வழி.

நகோயாவிலிருந்து வருகிறவர்களுக்கு யாராவது ஒருத்தர் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்: "டோக்கியோ வரைக்கும் எதுக்குப் போறீங்க, ஷின்-யோகோஹாமாவில் இறங்கி யோகோஹாமா லைன் பிடிச்சா நேரா ஹச்சியோஜி." நீங்கள் தனி ஆளாக வந்தால் நானும் அதையேதான் சொல்வேன். நொசோமி என்கிற வேகமான ஷின்கான்சென் எல்லாமே அங்கே நிற்கும், ரயில் மாற அதிகம் நடக்க வேண்டாம். அங்கே ஓடுவதும் ஆரஞ்சு ரயிலைப் போலவே இ233 என்ற மாடல்தான், பச்சைப் பட்டை போட்ட 6000 வகை, 2014-ல் வந்தது. ஆனால் அதன் எட்டுப் பெட்டிகளில் ஒன்றில்கூடக் கழிவறை கிடையாது. க்ரீன் காரும் இல்லை. ரயில் அங்கிருந்து கிளம்புவதில்லை, முந்தைய நிலையங்களிலேயே ஆள் ஏறி வரும், அதனால் மூன்று பேருக்கும் சேர்ந்து இடம் கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டம். போதாததற்குச் சில ரயில்கள் மச்சிதாவிலோ ஹஷிமோத்தோவிலோ முடிந்துவிடும். அப்பாவை வைத்துக்கொண்டு இந்த வழி வேண்டாம்.

சரி, டோக்கியோ. இங்கே உண்மையான கஷ்டம் ரயிலில் இல்லை, நிலையத்தில் இருக்கிறது. நீங்கள் வரும் ஷின்கான்சென் நிற்பது யாஎசு பக்கம். சூவோ லைனின் 1, 2 நடைமேடைகள் எதிர்ப்பக்கம், மருனோஉச்சி ஓரத்தில், அதுவும் மற்ற நடைமேடைகளுக்கெல்லாம் மேலே. நாகானோ ஷின்கான்செனுக்கு இடம் ஒதுக்குவதற்காக 1995-ல் அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள். எஸ்கலேட்டர் நீளமானது, பெட்டியோடு அம்மாவை அதில் நிறுத்தாதீர்கள், லிஃப்ட் இருக்கிறது, தேடிப் போங்கள். அப்பா மேலே வருவதற்கு முன்னாடியே கழிவறைக்குப் போய்விட்டு வரட்டும்.

இவ்வளவு நடந்ததற்கு மேலே பலன் உண்டு. டோக்கியோதான் கடைசி நிலையம், வருகிற ரயில் முழுசாகக் காலியாகி, கொஞ்ச நேரத்திலேயே அப்படியே திரும்பிக் கிளம்பும். உடனே கிளம்புகிற ரயிலுக்கு ஓடாமல் ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்கு வரிசையில் முன்னால் நின்றால் சாதாரணப் பெட்டியிலேயே உட்கார்ந்து போகலாம். இந்த ஆரஞ்சுப் பட்டை ரயில்தான் இ233 குடும்பத்தின் மூத்தது, 2006 டிசம்பரில் ஓட ஆரம்பித்தது. பழைய 201 ரயிலை விடத் தரை தாழ்வாக இருப்பதால் நடைமேடையிலிருந்து கால் வைப்பது சுலபம். நீள இருக்கையில் ஒருவருக்கு 460 மில்லிமீட்டர் இடம், குளிர்காலக் கோட்டோடு உட்கார்ந்தாலும் பக்கத்தில் இருப்பவர் முழங்கை குத்தாது. இன்னொரு விஷயம் பயணிக்குக் கண்ணில் படாது: முக்கியமான கருவிகளை இரட்டையாக வைத்திருக்கிறார்கள், மேலே மின்கம்பியைத் தொடும் பான்டோகிராஃபில்கூட உபரியாக ஒன்று. ஒன்று பழுதானாலும் ரயில் நடுவழியில் நிற்கக் கூடாது என்பதுதான் கணக்கு. தாமதத்துக்குப் பேர்போன சூவோ லைனுக்கு முதலில் இதைக் கொடுத்தது நியாயம்தான்.

இப்போது க்ரீன் கார். 2024 அக்டோபரில் சும்மா உட்காரவிட்டுப் பழக்கினார்கள், 2025 மார்ச் 15-லிருந்து கட்டணம். பன்னிரண்டு பெட்டியில் 4, 5 இரண்டும் க்ரீன் கார், மாடிப் பெட்டிகள். டோக்கியோவிலிருந்து ஹச்சியோஜி 47.4 கிலோமீட்டர். 50-க்குள் அடங்குவதால் சுயிகாவில் (தொட்டுப் போகிற ரயில் கார்டு) வாங்கினால் ஒருவருக்கு 750 யென். அடுத்து இரண்டு நிலையம் தள்ளித் தகாவோ வரை போயிருந்தால் 53.1 ஆகி 1000 கேட்டிருப்பார்கள், நீங்கள் தப்பித்தீர்கள். ஏறுவதற்கு முன்னாடியே வாங்க வேண்டும். உள்ளே போய் வாங்கினால் 1010. உங்கள் போனில் மூன்று பேருக்கும் சேர்த்து வாங்க முடியாது, ஒரு கார்டுக்கு ஒரு ஆள்தான், அதனால் அப்பா அம்மா கார்டுகளுக்கு நடைமேடை இயந்திரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். இருக்கைக்கு மேலே கூரையில் சிவப்பு விளக்கு இருக்கும், கார்டைத் தொட்டால் பச்சையாகும். இடம் மாறினால் புது இடத்தில் மறுபடி தொட வேண்டும். முன்பதிவு கிடையாது, காசு கொடுத்தும் இடம் இல்லாமல் போகலாம், ஆனால் டோக்கியோவில் ஏறுகிறவர்களுக்கு அந்தக் கவலை குறைவு.

அம்மாவுக்கான சிக்கல் இதுதான். மேல்தளத்துக்குப் போனாலும் கீழ்த்தளத்துக்குப் போனாலும் படி. ஜன்னல் வழியாகப் பார்க்க மேல்தளம் அழகு, முட்டிக்கு அது ஆகாது. போதாததற்கு இரண்டு தளத்திலும் தலைக்கு மேலே சாமான் தட்டு இல்லை, குறுகலான படியில் பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. பெட்டியின் இரண்டு முனையிலும் படியே இல்லாத சமதளத்தில் கொஞ்சம் இருக்கைகள் உண்டு, தட்டும் அங்கேதான் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் முதலில் பிடிப்பது அதைத்தான். நீங்கள் 5-ஆம் பெட்டியில், 6-ஐ ஒட்டிய முனையில் அந்த இடத்தைப் பிடியுங்கள். ஏனென்றால் கழிவறை 6-ஆம் பெட்டியில், அப்பாவுக்குப் பக்கத்துப் பெட்டிதான். அந்த இடம் நிரம்பியிருந்தால் பிடிவாதம் பிடிக்காமல், 750 கொடுப்பதை விட்டுவிட்டு, 6-ஆம் பெட்டிக்கே போய் முனையில் உள்ள முன்னுரிமை இருக்கையில் அவர்களை உட்கார வையுங்கள். அதனால்தான் க்ரீன் டிக்கெட்டை வாங்குவதற்கு முன் வரிசை நீளத்தை ஒரு பார்வை பார்த்துவிடச் சொல்கிறேன்.

சூட்கேஸ்களை ரயிலில் ஏற்றவே வேண்டாம் என்பது என் கருத்து. வெள்ளிக்கிழமையே அக்கா வீட்டிலிருந்து தக்யூபின் என்கிற கூரியரில் போட்டுவிடுங்கள், மறுநாள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கையில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான்.

ரயிலைத் தேர்ந்தெடுக்கும்போது சூவோ ஸ்பெஷல் ரேபிட் (சில நிலையங்களில் மட்டும் நிற்கிற விரைவு ரயில்) கிடைத்தால் நல்லது, ஷின்ஜுகுவுக்கு அப்புறம் நகானோ, மிதாகா, கொகுபுன்ஜி, தச்சிகாவா என்று தாண்டித் தாண்டிப் போகும், ஹச்சியோஜிக்கு ஒரு மணி நேரத்துக்குள். சாதாரண ரேபிட்டும் மோசமில்லை, சனி ஞாயிறுகளில் அது கோஎன்ஜி, அசகாயா, நிஷி-ஓகிகுபோ மூன்றிலும் நிற்காது. பலகையில் ஓமே என்று போட்டிருந்தால் மட்டும் ஏறாதீர்கள், தச்சிகாவாவில் வேறு பக்கம் திரும்பிவிடும். தெரியாமல் ஏறிவிட்டால் தச்சிகாவாவில் இறங்கி அடுத்த தகாவோ ரயிலைப் பிடித்தால் போதும். நிற்கிற ரயிலில் கதவு மூடியிருந்தாலும் பதறாதீர்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அதில் விளக்கு எரிந்தால் நீங்களே அழுத்தித் திறந்துகொள்ளலாம்.