எட்ரூஸ்கர்களின் மதம் கிரேக்க மதத்தின் நகலா?

எட்ரூஸ்கர்கள் கிரேக்கக் கடவுள்களைத்தானே கும்பிட்டார்கள், அதை ஏன் தனி மதம் என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. இத்தாலியில் ஆர்னோ ஆற்றுக்கும் டைபர் ஆற்றுக்கும் நடுவில், ரோம் பெரிய சக்தியாக வளர்வதற்கு முன்பே நகரம் நகரமாகச் செழித்திருந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய தினியா கிட்டத்தட்ட ஜீயஸ், உனி என்பவள் ஹேரா, மென்ர்வா என்பவள் அதீனா. அப்போலோவைப் பெயரோடு சேர்த்தே எடுத்து ஆப்லு ஆக்கிக்கொண்டார்கள்.

ஆனால் கடவுள் யார் என்பதைவிட, அவர் மனதில் இப்போது என்ன இருக்கிறது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதுதான் இவர்களுக்குப் பெரிய கவலை. அதற்கென்றே புனித நூல்கள் வைத்திருந்தார்கள். பலியான ஆட்டின் ஈரலைப் படிப்பது, மின்னலைப் படிப்பது, ஊர் அமைக்கும் சடங்கு என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கிரேக்க மதத்தின் மையத்தில் இப்படி ஒரு வேதத் தொகுப்பு கிடையாது. இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், தார்குவினியா என்ற எட்ரூஸ்க நகரத்தில் ஒருவன் கொஞ்சம் ஆழமாக உழுதபோது சாலிலிருந்து தாகெஸ் என்ற பிள்ளை எழுந்து வந்து, கிழவருக்குரிய அறிவோடு கூடியிருந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கதை. ரோமானியப் பேச்சாளர் சிசரோ இந்தக் கதையை எழுதிவிட்டு நன்றாகக் கிண்டலும் செய்கிறார். இத்தனைக்கும் அவரே ரோமில் பறவை நிமித்தம் பார்க்கும் குருமார்களில் ஒருவர்!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஈரல்தான். 1877இல் வட இத்தாலியின் பியாசென்சா பக்கத்தில் வயலில் கிடைத்த ஒரு வெண்கல ஈரல், நீளம் சுமார் 12.6 செ.மீ., மேலே கட்டம் கட்டமாகப் பிரித்துக் கடவுள் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றி 16 பகுதிகள். வானத்தையும் இவர்கள் 16 பாகமாகத்தான் பிரித்தார்கள், வடகிழக்கு நல்லது, வடமேற்கு ரொம்ப மோசம். அதாவது மேலே இருக்கும் அதே வரைபடம் ஆட்டின் வயிற்றுக்குள்ளும் இருக்கிறது, எந்த மூலையில் குறி தெரிகிறதோ அந்த மூலைக்குரிய தெய்வம் பேசுகிறது என்று அர்த்தம். ரோமானியத் தத்துவஞானி செனெகா இதை அழகாகப் பிடித்தார்: மேகங்கள் மோதுவதால் மின்னல் வருகிறது என்பது நம் (ரோமானியர்) எண்ணம், மின்னல் வரவேண்டும் என்பதற்காகவே மேகங்கள் மோதுகின்றன என்பது அவர்கள் எண்ணம்.

அந்தப் புனித நூல்கள் நம் கைக்கு வரவில்லை. நீளமாகக் கிடைத்திருப்பது துணியில் எழுதிய ஒரே ஒரு புத்தகம்தான், அதுவும் எகிப்திய மம்மி ஒன்றைச் சுற்றக் கிழித்த கட்டுத்துணியாக. எந்த நாளில் எந்தத் தெய்வத்துக்கு என்ன படைக்கவேண்டும் என்று நம் பஞ்சாங்கம்போல ஓடுகிறது, இப்போது குரோவேஷியாவின் சாக்ரெப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல்லறை ஓவியங்களில் முதலில் விருந்தும் ஆட்டமும்தான். பிற்காலத்தில் சம்மட்டி தூக்கிய காருன், சிறகு முளைத்த வந்த் என்று மரணத் தெய்வங்கள் நிறைய வந்துவிடுகின்றன.

அப்புறம், அரசியலில் ரோம் இவர்களை விழுங்கிவிட்டாலும் இந்த வித்தையை விடவில்லை. கி.பி. 47இல் கிளாடியஸ் பேரரசர், ஈரல் பார்ப்பவர்களின் குழு அழிந்துவிடக் கூடாது என்று செனட்டில் பேசினார். 408இல் விசிகோத் மன்னன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டபோதுகூட எட்ரூஸ்கர்களின் பழைய நாடான எட்ரூரியாவிலிருந்து வந்த சிலர், மின்னலை வரவழைத்து எதிரியை விரட்டுகிறோம் என்றார்கள். ரோம் அதற்குள் கிறிஸ்தவ நகரம். ரகசியமாகச் செய்தால் பலிக்காது, செனட் சேர்ந்து பொதுவெளியில் செய்யவேண்டும் என்று வந்தவர்கள் சொல்ல, ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை என்கிறார் வரலாற்றாசிரியர் சோசிமஸ். கடைசியில் 5,000 பவுண்டு தங்கம் கொடுத்துத்தான் அலாரிக்கை அனுப்பினார்கள்.